காருக்கும் மூச்சு முட்டும்



மானிப்பாய்ச் சந்தியில் ஒரு பழைய மொறிஸ் மைனர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறது. அது நின்ற இடத்தைப் பாருங்கள். தார் வீதியில் ஐந்தாறு கறுப்புப் பொட்டுகள். "பழைய கார்தானே, ஒயில் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் கடந்து போவார்கள். நீங்கள் கடந்து போகாதீர்கள். ஒயில் ஏன் ஒழுகுகிறது என்று கேளுங்கள். "எங்கேயோ ஓட்டை" என்பதுதான் உடனே கிடைக்கும் பதில். பல கார்களில் அது பாதிப் பதில்தான். ஓட்டை என்று ஒன்றுமே இல்லாத எஞ்சினிலும் ஒயில் வெளியே வரும். எஞ்சினால் மூச்சு விட முடியாமல் போனால் அது தன் ஒயிலைத் தானே வெளியே தள்ளும். இந்த மாதம் அந்த மூச்சைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

அதற்கு மானிப்பாய் பொருத்தமான ஊர். 1848ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கே மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். மனித உடல் எப்படி இயங்குகிறது என்பதைத் தமிழில் நூலாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருடைய பெயரைத் தாங்கிய மருத்துவமனை இன்றும் ஊரில் இருக்கிறது. மனிதரின் மூச்சைத் தமிழில் படித்த ஊரில் எஞ்சினின் மூச்சையும் தமிழில் படிக்கலாம்.

முதலில், இந்தக் கார்கள் எப்படி இவ்வளவு காலம் நம்மோடு தங்கின? மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். முதலில் செய்த மாதிரிக் கார் ஒடுங்கலாக இருக்கிறது என்று பட்டதும், அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவே 4 அங்குலம் சேர்த்து அகலமாக்கினார். அப்படி வெட்டிப் பார்க்கத் துணிந்தவர்தான் பிறகு மினி காரையும் உருவாக்கினார். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற கார்களும் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. புதிய கார் வாங்குவது குதிரைக் கொம்பாயிற்று. அதனால் இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓடப் பழகினோம். பிறகு போர் வந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். எஞ்சின் மூச்சின் விஞ்ஞானம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

எஞ்சினுக்கு இரண்டு மூச்சு. மேல்மூச்சு எல்லோருக்கும் தெரியும். கார்பரேற்றர் வழியாகக் காற்றும் பெற்றோலும் சிலிண்டருக்குள் போகும், எரியும், சைலன்சர் வழியாகப் புகையாக வெளியே போகும். கீழ்மூச்சைப் பலர் கவனிப்பதில்லை. அது பிஸ்ரனுக்குக் கீழே, சுழலும் கிராங்க் தண்டும் ஒயில் தேங்கும் சம்பும் இருக்கும் அறையின் மூச்சு. ஒயில் ஒழுக்கின் இரகசியம் அந்தக் கீழறைக்குள்தான் இருக்கிறது.

அந்த அறைக்குள் காற்று எப்படி வருகிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து, வாயை விரலால் இறுக அடைத்துக்கொண்டு கைபிடியை அமுக்குங்கள். முதலில் எதிர்த்து நிற்கும். அப்படியே அமுக்கிப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். விரலைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. பின்னே காற்று எங்கே போயிற்று? உள்ளே இருக்கும் வாஷரின் ஓரத்தால் மறுபக்கம் தப்பிவிட்டது.

எஞ்சினிலும் இதேதான் நடக்கிறது. பிஸ்ரன் சிலிண்டருக்குள் ஏறி இறங்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் இடையே சிறிய இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை மறிக்கத்தான் பிஸ்ரனைச் சுற்றி றிங் என்ற இரும்பு வளையங்கள் போடப்படுகின்றன. மேலே உள்ள வளையங்கள் எரியும் வாயுவை மறிக்கும்; கீழே உள்ளது சிலிண்டர் சுவரில் படிந்த ஒயிலை வழித்துக் கீழே விடும். வளையம் முழுவட்டமாக இருக்க முடியாது. சூட்டில் இரும்பு விரியும் என்பதால் அதில் ஒரு வெட்டு இருக்கும். மொறிஸ் மைனரில் அந்த வெட்டின் அகலம், வளையம் புதிதாக இருக்கும்போது, ஒரு மில்லிமீற்றரின் கால் பங்கு அளவுதான். ஆனால் பெற்றோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் அமுக்கம், நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அமுக்கத்தைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். அவ்வளவு அமுக்கத்துக்கு அந்தச் சிறு வெட்டே போதும். கொஞ்ச வாயு நழுவிச் சம்புக்குள் இறங்கிவிடும். எஞ்சின் எவ்வளவு புதியதாக இருந்தாலும் இதை முற்றாக நிறுத்த முடியாது.

எவ்வளவு இறங்கும்? கணக்குப் போடுவோம். மொறிஸ் மைனர் 1000 என்ற கார் 1956இல் வந்தபோது அதன் எஞ்சின் 948 கனசென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கும். ஆகவே நான்கு சிலிண்டரும் சேர்ந்து, முழுவதாக இழுத்தால், 948 கனசென்ரிமீற்றரை நிமிடத்துக்கு 1500 தடவை விழுங்கும். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 1420 லீற்றர். அதில் நூறில் ஒரு பங்கு மட்டும் நழுவுகிறது என்று வைத்தாலும் நிமிடத்துக்கு 14 லீற்றர் வாயு சம்புக்குள் வருகிறது. றிங் தேய்ந்த எஞ்சினில் இது பல மடங்காகும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி இந்த இடத்தில் கையை உயர்த்துவாள். "பிஸ்ரன் கீழே இறங்கும்போது அடியில் இருக்கும் காற்றையும் அமுக்குமே, அதைக் கணக்கில் எடுக்கவில்லையே?" நல்ல கேள்வி. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்ரன் இறங்கும்போது மற்ற இரண்டும் ஏறும். கீழறையின் மொத்தக் கொள்ளளவு அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே அங்கே அமுக்கம் ஏறினால், குற்றவாளி பெரும்பாலும் மேலிருந்து நழுவி வந்த வாயுதான்.

அந்த வாயு வெறும் காற்றும் அல்ல. எரியாத பெற்றோல் ஆவி, கரிப்பொடி, காபனீரொட்சைட்டு, நீராவி எல்லாம் அதில் உண்டு. நீராவி எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறீர்களா? பெற்றோலில் ஐதரசன் இருக்கிறது. அது எரிந்து ஒட்சிசனோடு சேர்ந்தால் நீர்தான். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் பிறக்கிறது! பெரும்பகுதி சைலன்சர் வழியே ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் கீழறைக்கு வரும். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் காரில் எஞ்சின் நன்றாகச் சூடேறாது. அந்த நீராவி வெளியேற முன் குளிர்ந்து ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் ஒரு களிம்பு ஒட்டியிருப்பது அதனால்தான்.

இப்போது கீழறைக்கு வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது என்று நினையுங்கள். வீட்டில் அம்மா பிட்டு அவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பானையின் வாயில் நீத்துப்பெட்டியை வைத்து, இரண்டும் சேரும் இடத்தில் துணியைச் சுற்றுவார். மா உதிரியாக இருந்தால் ஆவி அதனூடாக மேலே போகும். மாவை அமுக்கி அடைத்துவிட்டால் ஆவிக்கு மேலே வழியில்லை; துணி சுற்றிய இடத்தால் சீறிக்கொண்டு வரும். அப்போது துணியை இன்னும் இறுக்கிச் சுற்றுவதா, மாவைத் தளர்த்துவதா? எஞ்சினிலும் அதே கேள்விதான். பானையில் துணி இருக்கும் இடத்தில், எஞ்சினில் கஸ்கெற் என்ற அடைப்பு இருக்கிறது.

கீழறையில் அமுக்கம் வளிமண்டலத்தைவிட ஐம்பதில் ஒரு பங்கு மட்டும் கூடியது என்று கொள்வோம். சிறிய அளவாகத் தெரிகிறது அல்லவா? 500 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள ஒரு சம்ப் தட்டில் அது 10 கிலோ எடையை வைத்ததற்குச் சமமான விசை. அந்த விசை எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் ஒவ்வொரு பொருத்தின் விளிம்பிலும் ஒயிலைத் தள்ளிக்கொண்டே இருந்தால், கஸ்கெற் எவ்வளவு நாள் தாங்கும்?

எஞ்சினைச் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால் மூச்சுக்குழாய் வைத்தார்கள். பழைய மொறிஸ் மைனரில் எஞ்சினின் பக்கத்து மூடியிலிருந்து ஒரு குழாய் கீழே வீதியை நோக்கி இறங்கும். நுனி சரிவாக வெட்டப்பட்டிருக்கும். கார் ஓடும்போது அடியால் விரையும் காற்று அந்த நுனியைச் சுற்றிக்கொண்டு போகும். வெட்டின் பின்புறத்தில் அமுக்கம் குறையும். கீழறையின் வாயு தானாக வெளியே இழுபடும். வெளியே போனதற்கு ஈடாகப் புதுக் காற்று மேலே ஒயில் ஊற்றும் மூடியின் துளைகளால் உள்ளே வரும். மோட்டர் இல்லை, விசிறி இல்லை. காரின் ஓட்டமே மூச்சை இழுக்கிறது.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு குவளையில் நிறமூட்டிய தண்ணீர் எடுங்கள். உறிஞ்சுகுழாயில் ஒரு சிறு துண்டை வெட்டி நிமிர்த்தி அதில் நிறுத்துங்கள். தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் உயரம் தெரிந்தால் போதும். இன்னொரு உறிஞ்சுகுழாயைக் கிடையாகப் பிடித்து, நிற்கும் குழாயின் மேல்வாய்க்குக் குறுக்கே பலமாக ஊதுங்கள். தண்ணீர் குழாயில் ஏறும். பலமாக ஊதினால் தூவானமாகத் தெறிக்கும். புத்தகத்தைத் தூரத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

மெல்ல ஊதினால் தண்ணீர் ஏறாது என்பதையும் கவனித்தீர்களா? அதுதான் இந்த மூச்சுக்குழாயின் பெரிய குறை. கார் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓடினால்தான் அது ஒழுங்காக இழுக்கும். சித்திரைப் புத்தாண்டு அன்று மருதடி விநாயகர் தேர். சனக்கூட்டத்தினூடே கார் ஊர்ந்து ஊர்ந்து போகிறது, எஞ்சின் கொதிக்கிறது, அடியில் காற்றோட்டம் இல்லை. அந்த நேரத்தில் கீழறையின் வாயு தன் அமுக்கத்தால் மட்டுமே வெளியேற வேண்டும். வழி துப்பரவாக இருந்தால் சமாளிக்கும். குழாய்க்குள் பழைய கரிக்களிம்பு படிந்து பாதி அடைபட்டிருந்தால் அன்று மாலை முற்றத்தில் ஒயில் பொட்டுக் கூடியிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. அந்தக் குழாய் எரியாத பெற்றோல் ஆவியை அப்படியே வெளியே விட்டது. ஒரு காரின் மொத்த ஐதரோகாபன் மாசில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சிறு குழாயாலேயே வந்தது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் புகைமூட்டத்தில் திணறியபோது, 1960களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் புதிய கார்களில் இந்தக் குழாயை மூடி, வாயுவை மீண்டும் எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாய்க்கே அனுப்பினார்கள். கீழ்மூச்சில் வருவதை மேல்மூச்சு வாங்கி எரித்துவிடும். இடையில் ஒரு சிறு வால்வு நின்று அளவாக விடும். எனக்கு இது மிகப் பிடித்த கண்டுபிடிப்பு. கார் நின்றாலும் ஓடினாலும் மூச்சு நடக்கும்; வீதிக்கும் நஞ்சு வராது. 1960களில் வந்த பிந்திய இங்கிலாந்துக் கார்கள் சிலவற்றிலும் இந்த வால்வு உண்டு.

இனிப் போர்க்காலக் கதை.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை. பெற்றோல் சிறு போத்தல்களில் விற்கும் அரும்பொருளாயிற்று. உங்கள் அப்பப்பா, அம்மம்மாவைக் கேட்டுப் பாருங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. ஆனாலும் நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கலியாணம் நடக்க வேண்டும், மூட்டை முடிச்சோடு இடம்பெயர வேண்டும். நமது பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெயில் எப்படி ஓடும்? பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படியல்ல, ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் தாண்டினால்தான் தீப்பற்றப் போதிய ஆவியை அது விடும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாமல் துளியாகவே நிற்கும். அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய கார் என்பதும் இதில் உதவியது. அக்கால மொறிஸ் மைனரும் ஏ-40உம் கலவையை ஏழெட்டு மடங்கு அளவுக்கே நெருக்கின. இன்றைய கார்கள் பத்து மடங்கும் அதற்கு மேலும் நெருக்கும். அவ்வளவு நெருக்கினால் மண்ணெண்ணெய் நேரம் தப்பி வெடித்து, எஞ்சின் 'டக் டக்' என்று அடித்துக்கொள்ளும். பழைய எஞ்சினின் மந்தமே அன்று நம்மைக் காப்பாற்றியது. இங்கிலாந்தின் பண்ணைகளிலும் 1940கள், 1950களில் டிராக்டர்கள் இதே முறையில், பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெய் போன்ற ஓர் எண்ணெயில் ஓடியிருக்கின்றன. அவற்றில் அதற்கென்று சூடாக்கும் அமைப்பு இருந்தது. நம்மவர்களிடம் இருந்தது கைவேலையும் மூளையும்தான்.

ஆனால் எஞ்சின் அதற்கு விலை கொடுத்தது. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழியும். போகும் வழியில் அங்கே படிந்திருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு போகும். ஒயில் இல்லாத சுவரில் றிங் உராய்ந்து தேயும். தேய்ந்த றிங்கைத் தாண்டி இன்னும் கூடுதலாக வாயு இறங்கும். வழிந்த மண்ணெண்ணெயோ சம்பில் போய் ஒயிலோடு சேரும். ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஓர் அதிசயம்: ஊற்றாமலே ஒயில் கூடியிருக்கும்! அதைப் பார்த்துச் சந்தோசப்படக் கூடாது. தடித்து வழவழப்பாக இருக்க வேண்டிய ஒயில் இப்போது தண்ணீராக ஓடுகிறது என்று அர்த்தம். விஞ்ஞானப் புத்தகத்தில் பிசுக்குமை என்று படிப்பீர்களே, அது குறைந்துவிட்டது. பிசுக்குமை குறைந்த ஒயில் உராய்வையும் தடுக்காது, பொருத்துகளுக்குள்ளும் நிற்காது.

ஒரு பக்கம் கீழறையில் அமுக்கம் ஏறுகிறது. மறுபக்கம் ஒயில் நீர்த்துப்போகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒழுகாமல் என்ன செய்யும்? உதிரிப்பாகங்களும் எளிதில் வரவில்லை. கராஜ்களில் தடித்த தாளை எஞ்சின் பாகத்தின்மேல் விரித்து, விளிம்பு வழியே சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி கஸ்கெற் வெட்டினார்கள். அச்சொட்டாகப் பொருந்தும். அந்தக் கைகளுக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும். அவர்கள் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆனால் மூச்சு, ஒயில், தேய்வு மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைத் தினமும் கண்ணால் கண்டார்கள்.

அப்படிப்பட்ட கராஜ் ஒன்றில் நடக்கக்கூடிய பேச்சு இது.

"ஐயா, இந்த மூடியடியால ஒயில் வருது. போல்ற்றை இன்னும் இறுக்கிவிட்டா நிக்காதோ?"

"வேண்டாம் பிள்ளை. இறுக்க இறுக்கத் தகடு வளையும். வளைஞ்சால் இன்னும் கூடத்தான் வரும். முதல்ல மூச்சுக்குழாயைக் கழட்டிப் பாப்பம்."

ஐயா சொல்வது சரி. மொறிஸ் மைனர் எஞ்சினின் பக்கத்து மூடிகள் மெல்லிய தகடு. நடுவில் ஒரேயொரு போல்ற் பிடித்திருக்கும். சுற்றிவர இருப்பது தக்கைக் கஸ்கெற். தக்கை என்பது ஓக் மர இனம் ஒன்றின் பட்டை. போர்த்துக்கல்லில் மரத்தை வெட்டாமலே ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை அதை உரித்தெடுக்கிறார்கள். றப்பரை மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். தக்கை பிதுங்காது. அதற்குள் இருக்கும் கோடிக்கணக்கான காற்று அறைகள் தம்மளவில் சுருங்கிக் கொடுக்கும். அளவாக இறுக்கினால் தக்கையைவிட நல்ல அடைப்பு அக்காலத்தில் இல்லை. அளவு மீறினால் அறைகள் நசிந்து, திரும்ப விரியும் குணத்தை இழந்துவிடும்.

எஞ்சினின் பின்பக்கம் இன்னும் விசித்திரம். கிராங்க் தண்டு கிளச்சை நோக்கி வெளியே வரும் இடத்தில், இன்றைய கார் என்றால் றப்பர் சீல் ஒன்று இறுகப் பிடித்திருக்கும். மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜிலும் அங்கே றப்பர் இல்லை! தண்டின்மேல் திருகாணிப் புரிபோல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அந்தப் புரி, வெளியேற வரும் ஒயிலைத் திரும்ப உள்ளே திருகி அனுப்பும். தண்டைத் தொடாத அடைப்பு என்பதால் அது தேய்வதும் இல்லை. ஆனால் அது வேலை செய்ய இரண்டு நிபந்தனை: தண்டு சுழல வேண்டும், கீழறையில் அமுக்கம் ஏறக் கூடாது. எஞ்சினை நிறுத்தியதும் ஒன்றிரண்டு துளி வெளியே வரத்தான் செய்யும். மூச்சு அடைபட்டால் ஓடும்போதே வரும். தனியே சீல் இல்லாத இடத்தில் ஒயிலை நிறுத்தி வைத்திருப்பதே நல்ல மூச்சுத்தான் என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

வீட்டில் பழைய கார் இருந்தால், ஒரு பெரியவரோடு சேர்ந்து துப்பறியுங்கள். தனியே வேண்டாம். காருக்கு அடியில் நுழைய வேண்டாம். பூட்டிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது; புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

இரவில் கார் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிடுங்கள். சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். காலையில் பொட்டுகளைப் பாருங்கள். கறுப்பென்றால் எஞ்சின் ஒயில். மஞ்சள் கலந்து தடிப்பாக, கூரிய மணத்தோடு இருந்தால் கியர்ப்பெட்டி ஒயிலாக இருக்கலாம். நிறமில்லாமல் காய்ந்தால் வெறும் தண்ணீர். ஒயில் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் கசிகிறது என்று நம்பிவிடாதீர்கள். மேலே கசிந்தது ஓடும் காற்றில் பின்னுக்குப் போய் வேறொரு மூலையில் சொட்டும். அதைப் பிடிக்க மெக்கானிக்குகள் செய்யும் ஒரு வேலை எனக்குப் பிடிக்கும். எஞ்சினை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவுவார்கள். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஒயில் வந்த பாதை கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் உச்சிதான் கசிவின் பிறப்பிடம்.

அடுத்தது மூச்சுச் சோதனை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெரியவர் ஒயில் மூடியைக் கழற்றட்டும். கொஞ்ச ஆவி வருவது வழமை. குபுகுபுவென்று புகை தள்ளினால், அல்லது ஒயில் மட்டம் பார்க்கும் கம்பி தானாகவே மேலே எழும்பியிருந்தால், கீழறை மூச்சு முட்டுகிறது. மூடியையும் ஆராயுங்கள். சில மூடிகளின் உள்ளே காற்றை வடிக்கும் கம்பிவலை இருக்கும். நம்மூர்ப் புழுதியும் ஒயிலும் சேர்ந்து அதை அடைத்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினால் திறக்கும். பழைய மூடி தொலைந்துபோய், துளையே இல்லாத வேறொரு மூடியைப் போட்ட கார்களும் உண்டு. பார்க்க அழகாகப் பொருந்தியிருக்கும். புதுக் காற்று வரும் வாசல் மட்டும் இருக்காது. அதைவிட மோசம், "குழாயால புகை வருது" என்று மூச்சுக்குழாயின் வாயில் துணியை அடைப்பது. அன்றோடு புகை நிற்கும். அடுத்த கிழமை எல்லாப் பொருத்திலும் ஒயில் வரும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒழுகினால் கஸ்கெற்றை மாற்றலாம். முதலில் கஸ்கெற், பிறகு மூச்சு என்று போனால் காசுதான் கரையும்.

சில துளி ஒயிலுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். ஒரு துளி ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றரில் இருபதில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் எட்டு மணித்தியாலத்தில் 480 துளி, 24 மில்லிலீற்றர். தண்ணீரின்மேல் வானவில் நிறம் காட்டும் எண்ணெய்ப் படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியதாகவும் இருக்கும். ஆகவே ஒரேயொரு துளி ஒரு தினசரிப் பக்கமளவு நீர்ப்பரப்பை மூடிவிடும்.

நம் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டுமே ஓடும். நாம் குடிப்பது கிணற்று நீர். காலடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதில் வெடிப்புகளும் துளைகளும் ஏராளம். முற்றத்தில் விழுந்தது மாரி மழையோடு சேர்ந்து கீழே இறங்க அதிக காலம் எடுக்காது. மானிப்பாய்க்கு அயலில் உள்ள சுன்னாகத்தில் அது பெரிய அளவில் நடந்ததை நாடே அறியும். மின்நிலையப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கிணறுகளில் கலந்தது. 2015இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. ஒரு காரின் ஒழுக்கு அதற்குப் பக்கத்தில் மிகச் சிறியதுதான். ஆனால் அது உங்கள் வீட்டுக் கிணற்றுக்கு அருகில் நடக்கிறது. கழற்றிய கழிவொயிலைக் கறையானுக்கென்று மரத்தூண்களில் பூசுவது நம்மிடையே வழக்கம். கிணற்றடியில் அதைச் செய்ய வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எரிந்த ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் உண்டு.

இன்னும் ஒன்று மிச்சம். எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தப் புரி அடைப்பு சில துளிகளை வெளியே விடும் என்று சொன்னேன் அல்லவா? அதைச் செய்தவர்களும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேரும் இடத்தின் அடியில் ஒரு சிறு துளை விட்டார்கள். அதில் ஒரு பிளவுபட்ட கம்பிப் பின்னைத் தொளதொளவென்று தொங்கவிட்டார்கள். கார் குலுங்கக் குலுங்கப் பின் ஆடும், துளை அடைபடாது, தப்பிய ஒயில் கிளச்சில் தேங்காமல் கீழே சொட்டும். கார் குழிக்குமேல் ஏறும் நாளில் அந்தப் பின் ஆடுகிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வீட்டில் கார் நிற்கும்போது அதற்கு நேர் கீழே ஒரு பழைய தட்டை வையுங்கள். மாதம் ஒருமுறை தட்டில் சேர்ந்ததை மருந்துக் குவளையில் ஊற்றி அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதி வாருங்கள். அளந்த குவளையைப் பிறகு வேறு எதற்கும் எடுக்க வேண்டாம். ஒரு மாதம் அளவு சட்டென்று கூடினால், போல்ற்றை இறுக்க முன், ஒயில் மூடியின் வலையைக் கழுவச் சொல்லுங்கள்.